லாரவெலும் வேர்ட்பிரஸும்: உரிமையின் ஐகாரம் போன கதை

புதிதாக ஓர் இணையத்தளம் அமைக்கவிருக்கும் ஹட்டன் நண்பர் ஒருவர், இணையச் செயலிகளைக் கட்ட உதவும் லாரவெலையும் கட்டுரைகளை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸையும் இணைத்துப் பாவிப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். பண்டாரவளையிலிருந்து நாங்கள் நடத்தும் தளம் சில ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது. உறுப்பினர் பதிவு, நன்கொடை, நூலக இரவல் கணக்கு எல்லாம் லாரவெலில். கட்டுரைகள் மட்டும் வேர்ட்பிரஸில். இரண்டும் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை, இரண்டும் ஒரே சேர்வரில் அடங்கும் என்பதெல்லாம் அவர் அறிந்தவையே என்பதால், நேரே அனுபவத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு எழுதித் தருபவர்களில் பெரும்பாலானோர் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். அவர்கள் மஸ்கெலியாவிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ கைத்தொலைபேசியிலேயே கட்டுரையைத் தட்டெழுதி, படத்தையும் ஏற்றி, வரைவாகச் சேமித்துவிடுகிறார்கள். மழைக்குச் சிக்னல் அறுந்து திரும்பினாலும் தானியங்கிச் சேமிப்பு பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது. இப்படியோர் எழுதுதளத்தை லாரவெலில் நானே கட்டத் தொடங்கியிருந்தால் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருப்பேன். வேர்ட்பிரஸின் தரவுத்தள அட்டவணைகளை லாரவெலின் எலோகுவென்ட் மொடல்களாக, அதாவது லாரவெல் நிரலிலிருந்தே படிக்கக்கூடிய வடிவில், திறந்து தரும் கோர்செல் என்ற நிரல் நூலகமும் கைக்கு இதமானது.

வேர்ட்பிரஸையே லாரவெலுக்குள் ஏற்றிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். இரண்டு அடிக்கோடுகளையே பெயராகக் கொண்ட ஒரு மொழிபெயர்ப்பு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு) இரண்டிலும் இருக்கிறது. அந்தப் பெயர் ஏற்கெனவே எடுபட்டிருந்தால் லாரவெல் ஒதுங்கிக்கொள்ளும். வேர்ட்பிரஸ் பார்க்கவே பார்க்காது. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்களை பி.எச்.பி. ஏற்காது என்பதால், லாரவெல் ஏறிய பின் வேர்ட்பிரஸை ஏற்றினால் தளம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். தரவுத்தளத்தைப் பகிர்வதே மேல்.

என் பொறுமையைச் சோதிப்பது வேறொன்று. தமிழில் தலைப்பிட்டால் வேர்ட்பிரஸ் அதிலிருந்தே முகவரியின் இறுதிப் பகுதியை, அதாவது ஸ்லக்கை, ஆக்கிக்கொள்கிறது. ஆனால் அதைத் தமிழாகச் சேமிப்பதில்லை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு (%) சேர்ந்து 3 இடங்களாக விரிவதால், ஒரு குறியீட்டுக்கு 9 இடம் போய்விடுகிறது. கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியே 9. மொத்த இடமோ 200. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழுக்கு மூன்று நான்கு சொற்களோடு சரி.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவுகூரப்பட்ட 2023இல், எங்களுக்குக் காணி பற்றிய கட்டுரைகளே அதிகம் வந்தன. ‘மலையக மக்களின் காணி உரிமை’ என்ற தலைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 22 குறியீடுகளுக்கு 198, இடையிலுள்ள இணைகோடுகளுக்கு 3, ஆக 201. ஓர் இடம் மிகுந்ததற்காக வேர்ட்பிரஸ் கடைசி ஐகாரக் குறியை வெட்டி ‘மலையக-மக்களின்-காணி-உரிம’ என்று சேமித்தது. அடுத்து ‘மலையக மக்களின் காணி உரிமைப் போராட்டம்’ வந்தபோது அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, மோதலைத் தவிர்க்க ‘உரிம-2’ ஆனது. பாடசாலைக் கணினியின் முகவரிப் பட்டையில் இதைக் கண்ட ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், “தம்பி, உரிமையையாவது முழுசா எழுதக் கூடாதா?” என்று கேட்டார்.

லாரவெல் பக்கம் இன்னொரு தலையிடி. ரூட்டில், அதாவது முகவரியைப் பக்கத்தோடு இணைக்கும் விதியில், வரும் முகவரியை அது தமிழாகவே விரித்துத் தருகிறது; அட்டவணையில் இருப்பதோ விழுக்காட்டுக் குறி வடிவம் என்பதால், அப்படியே தேடினால் ‘பக்கம் இல்லை’ என்னும் 404தான் விடை. மீண்டும் குறியாக்கித்தான் தேட வேண்டும். அந்தக் குறியாக்கத்தில் வரும் ஆங்கில எழுத்துகளை பி.எச்.பி. பெரிய எழுத்தாக எழுதும், வேர்ட்பிரஸ் சிறிய எழுத்தாகச் சேமிக்கும். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் வழமையான அமைப்பில் அந்தப் பேதத்தைப் பொருட்படுத்தாது, கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு பொருட்படுத்தும். ஒரே கட்டுரை கேஷில் இரண்டு சாவிகளில், அதாவது இரண்டு பெயர்களில், கிடந்து, ஒருவருக்குத் திருத்திய வடிவமும் இன்னொருவருக்குப் பழைய வடிவமும் தெரிந்த மாலைகள் எனக்கு மறக்காது.

நியாயமாகச் சொன்னால், 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பு முதல் உள்ளடக்கத்தை வேறு மென்பொருள்களுக்குத் தரும் ரெஸ்ட் ஏபிஐ என்ற வாயில் வழியாகக் கேட்டால் குறியாக்கத்தை வேர்ட்பிரஸே பார்த்துக்கொள்ளும். நேரடியாகத் தரவுத்தளத்திலிருந்து எடுத்தால் விரியாமல் நிற்கும் ஷோர்ட்கோட்டுகளும் (கட்டுரைக்குள் இடும் சுருக்கக் கட்டளைகள்) அங்கே விரிந்தே வரும். ஆனால் போன ஐகாரம் அங்கேயும் திரும்பாது. ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் இடுங்கள் என்பதே எல்லோரும் தரும் அறிவுரை. தமிழ்ப் பாட ஆசிரியையிடம் நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே நண்பருக்கு என் விடை: வேண்டாம். எழுதுவோருக்கு இதைவிட இலகுவான ஒன்றை நான் காணவில்லை, எங்கள் தளத்தை மாற்றவும் போவதில்லை, என்றாலும் வேண்டாம். இணைத்தே தீருவேன் என்றால் முகவரியில் கட்டுரையின் எண்ணை முதலில் வைத்து, அந்த எண்ணைக் கொண்டே தேடுங்கள். அதன்பின் வரும் தமிழை லாரவெல் தலைப்பிலிருந்து ஆக்கட்டும். அதற்காக லாரவெலின் சொந்த ஸ்லக் கருவியை நம்பிவிடாதீர்கள். தமிழை அது ஆங்கில எழுத்தாக மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பாவித்தால், உயிர்மெய்க் குறிகளை எழுத்தென்றே கருதாமல் உதறிவிடும். ‘காணி’ என்று கொடுத்தால் ‘கண’ என்று வரும். இடைவெளியை இணைகோடாக்க ஒரு வரி போதும், அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.