டகோட்டாவை மினுக்குவதா, பெயின்ட் அடிப்பதா?

1947 டிசம்பரில் இலங்கையின் எயார் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாக மதராசுக்கு முதல் சேவையை ஓட்டியது டகோட்டா விமானத்தில்தான். அப்படியொரு பழைய விமானத்தைக் காட்சிக்கு வைக்கிறோம் என்றால் முதல் சண்டையே அதன் உலோக உடலை மினுக்குவதா, பெயின்ட் அடிப்பதா என்பதில்தான்.

செலவு: மினுக்கப் பசையும் துணியும் போதும், ஆனால் ஆள்கூலி ஓயாது. பெயின்ட்டுக்கு ஒரேயடியாகப் பெருந்தொகை, அப்புறம் சில வருடம் நிம்மதி.

உழைப்பு: விமானத்தின் வெளித்தகட்டின் மேல் மெல்லிய தூய அலுமினியப் படலம் உண்டு; அரிப்பைத் தடுப்பது அதுதான். ஒவ்வொரு மினுக்கிலும் அது கொஞ்சம் தேயும். ரிவெட் தலைகளைச் சுற்றித் தேங்கும் கறுப்புப் பசையை ஈர்க்கில் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இரும்பு நாரால் தேய்த்தால் துகள் சிக்கி, அந்த இடத்திலேயே அரிப்புத் தொடங்கும். பெயின்ட்டிலும் சோம்பல் ஆகாது: பழைய அரிப்பை நீக்காமல் பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்திய அடிப்பூச்சு) அடித்தால் உள்ளேயே பரவி, மேலே கொப்புளம் போடும்.

அழகு: மினுக்கியதுதான், சந்தேகமே இல்லை.

கூரைக்குள் நிற்கப்போகிறதா? மினுக்குங்கள். இரத்மலானைக் கடற்காற்றில் வெட்டவெளியில் என்றால் பெயின்ட்தான். நிறத்தை மட்டும் பழைய புகைப்படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், கையில் மிஞ்சிய டின்னைப் பார்த்து அல்ல.