பழசாக்கிய டயலோடு ஐந்து வருடம்

இந்த டைவ் வாட்ச் என் கைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. கறுப்பு டயல், 39 மி.மீ., 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். வாங்கத் தூண்டியது அதன் நிறம்தான்: மணிக் குறிகளும் முட்களும் வெள்ளையாக இல்லாமல், பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சளேறி இருக்கும். ஓரிஸ் டைவர்ஸ் சிக்ஸ்டி-ஃபைவ் (2015), டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி-எய்ட் (2018) பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் பாணி புரியும்.

இருட்டில் மின்னும் எதையும் நாம் இன்னும் ‘ரேடியம்’ என்றுதான் சொல்கிறோம். ஒரு காலத்தில் வாட்ச்சுக்குள் இருந்தது நிஜ ரேடியமேதான். 1960களில் அதன் இடத்துக்கு டிரிட்டியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் வந்தது. டிரிட்டியத்தின் வீரியம் பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேல் போனால் பாதியாகிவிடும். பூச்சும் மெல்ல மஞ்சளாகும். இன்றைய வாட்ச்களில் பூசும் சூப்பர்-லூமினோவாவில் கதிரியக்கமே கிடையாது. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் விடும், அவ்வளவுதான். அந்த மஞ்சளைக் கலர் கலந்துதான் கொண்டுவருகிறார்கள். ‘ஓல்டு ரேடியம்’ என்றே ஒரு நிறத்துக்குப் பெயர்.

போன மாதம் நண்பர் ஒருவரின் டிரிட்டியம் வாட்ச்சைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். அவருடையதில் மூன்று மணிக் குறி தேன் நிறம், ஏழு மணிக் குறி பழுப்பு. ஒன்பதில் ஓரமாக மயிரிழை விரிசல். முட்கள் இன்னும் ஒருபடி கறுத்திருந்தன. என்னுடையதில் பன்னிரண்டும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த மாதிரி ஒரே மஞ்சள். வாங்கிய அன்று எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டாலும் துளி மாற்றம் இல்லை. எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். பழசாகவே பிறந்த டயல், என்னோடு சேர்ந்து பழசாகவில்லை.

இரவில்? சாயம் கலந்ததால் வெளிச்சம் குறையத்தான் செய்யும். படுக்கப் போகும்போது பளிச்சென்று இருக்கும். விடிகாலை நான்கு மணிக்குக் கண்ணை இடுக்கித்தான் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. சூப்பர்-லூமினோவாவிலேயே பச்சை கலந்த வெள்ளையில் வரும் சி3 வகைப் பூச்சு உள்ள என் இன்னொரு வாட்ச் அந்த நேரத்திலும் தெளிவாகத் தெரியும். நிஜமாகவே இருட்டில் தேவைப்படுபவர்கள் சி3 பக்கம் போங்கள். வாங்கும் முன் கடையிலேயே ஒரு நிமிடம் கையால் மூடிப் பாருங்கள். நடுவில் வெளுத்து ஓரத்தில் கருகிய மாதிரி வரும் ‘டிராபிகல்’ பழுப்பு டயல்களை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. பழைய வாட்ச்களில் வெயிலில் பெயிண்ட் கெட்டுப்போய்த் தானாக வந்த அழகு அது. அச்சடித்தால் அச்சடித்த மாதிரியேதான் இருக்கிறது.

அப்புறம், பெசல். டயலைச் சுற்றி நிமிடக் குறிகளோடு இருக்கும் அலுமினிய வளையம். தினமும் வெயில், வாரம் மூன்று நாள் நீச்சல்குளம். மூன்றாம் வருடம்தான் கவனித்தேன், கறுப்பு போய்ச் சாம்பல் தட்டியிருந்தது. இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் கதவு நிலையில் இடித்த ஒரு தழும்பு, அதில் வெள்ளி உலோகம் தெரியும். போன வாரம் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை மாற்றி, தண்ணீர் சோதனை செய்யக் கொடுத்திருந்தேன். “பெசலையும் புதுசு போட்டுடலாமா சார்?” என்று வாட்ச் ரிப்பேர்க்காரர் கேட்டார். வேண்டாம், அதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.