சூத்திரமா, சொந்தப் பதிவா? இன்சுலின் பம்ப் அளவுகளுக்கு இரண்டு வழிகள்

இன்சுலினை உடலுக்குள் தொடர்ந்து செலுத்தும் சிறு கருவியான பம்ப் போட்டதும் அளவுகளை எங்கிருந்து எடுப்பது? ஒரு வழி சூத்திரம். நாளுக்கு மொத்தம் 40 யூனிட் இன்சுலின் தேவைப்படுபவருக்கு, சூத்திரத்தின் நிலையான எண்ணான 500-ஐ 40-ஆல் வகுத்தால் 12.5, அதாவது 1 யூனிட் சுமார் 12 கிராம் மாவுச்சத்துக்கு ஈடு. இன்னொரு நிலையான எண்ணான 1800-ஐ அதே 40-ஆல் வகுத்தால் 45; 1 யூனிட் இன்சுலின் இரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய 45 மி.கி. இறக்கும். மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி, அடிப்படை இன்சுலினாக நாள் முழுவதும் சீராகப் போகும். தொடங்குவதற்கு இது போதும்.

இன்னொரு வழி, நம் சர்க்கரைப் பதிவைப் பார்த்து மாற்றுவது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். விடியற்காலையில் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றுவதால் பலருக்கு அப்போது அடிப்படை அளவு கூடுதலாக வேண்டும். சூத்திரத்துக்கு அது தெரியாது. ஒரு வேளை உணவைத் தள்ளிவைத்து, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனித்தால் குறை எங்கே என்று புரியும். ஏற்றம் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அளவைக் கூட்ட வேண்டும். இன்சுலின் வேலை செய்ய நேரம் எடுக்கும். அடிப்படை சரியான அப்புறம்தான் உணவு விகிதம், அதாவது 1 யூனிட்டுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்பது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் மருத்துவரிடம் பேசிவிட்டு. உணவைத் தள்ளிவைக்கும் சோதனையின்போது சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே சோதனையை நிறுத்திவிட்டு இனிப்பு சாப்பிடுங்கள்.