நிலைப்படி, நாய் முடி, உப்புத் தண்ணீர்: ரோபோ வேக்கம் வாங்குவதற்கு முன்

தானே ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் ரோபோ வேக்கத்தின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது, உறிஞ்சும் விசையைச் சொல்லும் பாஸ்கல் எண். 4000, 8000 என்று ஏறி இப்போது 20,000-ஐத் தாண்டிவிட்டது. டைல்ஸோ கிரானைட்டோ போட்ட வீட்டுக்கு அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. வழுவழுப்பான தரையில் கிடக்கும் மண்ணையும் முடியையும் அள்ள 2500 பாஸ்கலே தாராளம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் தடித்த கம்பளத்துக்கு. நம் வீட்டில் கம்பளம் என்றால் வாசலில் கிடக்கும் மிதியடிதான். நாயோ பூனையோ வளரும் வீட்டில் இந்த எந்திரம் தினமும் ஓடுமா, ரெண்டாவது மாதமே பரணுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: நிலைப்படியின் உயரம், பிரஷ்ஷில் சுற்றும் முடி, தரையைத் துடைக்கத் தொட்டியில் ஊற்றும் தண்ணீர்.

இங்கே பேசுவது தலையில் சின்னக் கோபுரம் வைத்து, அதிலிருந்து லேசரைச் சுழற்றி வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளும் லேசர் வகையைப் பற்றி. ஷாவ்மி, எக்கோவாக்ஸ், ட்ரீமி, யுரேகா ஃபோர்ப்ஸ் என்று பலரும் விற்கிறார்கள். உத்தேசமாக 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். லேசர் இல்லாமல் முட்டி மோதித் திரும்புகிற மலிவு வகை, ஒரே அறையைத் தவிர வேறெதற்கும் உதவாது. துடைத்த இடத்தையே துடைத்துவிட்டு, கட்டிலடியை மறந்துவிட்டு வந்து நிற்கும். கேமராவை நம்பி ஓடுவதற்கு வெளிச்சம் வேண்டும். லேசருக்கு இருட்டும் பகலும் ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் கையில் ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தோடு சேர்த்து இதன் உயரம் பெரும்பாலும் 9.5 முதல் 10 சென்டிமீட்டர். கட்டில், சோபா, டிவி ஸ்டாண்ட் அடியில் 10.5 இருந்தால் கவலையில்லை. 8 இருந்தாலும் கவலையில்லை, முட்டித் திரும்பிவிடும். தொல்லையெல்லாம் 9.6, 9.8 என்று இருக்கும் இடைவெளியில்தான். பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொண்டு கத்தும். அப்படிப்பட்ட இடத்தை முதல் நாளே ஃபோன் செயலியில், எந்திரம் நுழையக் கூடாத தடைப்பகுதியாகக் குறித்துவிட வேண்டும்.

அடுத்தது நிலைப்படி. பெட்டியில் '2 செ.மீ. வரை ஏறும்' என்று போட்டிருப்பார்கள். விளிம்பு சாய்வாக இருந்தால் அது உண்மை. செங்குத்தாக வெட்டிய கிரானைட் பட்டையாக இருந்தால் ஒன்றரைக்கே திணறும், நாலு முறை முயன்றுவிட்டு வேறு அறைக்குப் போய்விடும். பழைய வீடுகளின் மர நிலைப்படி 4, 5 செ.மீ. இருக்கும், அதை இது ஏறாது. தச்சரிடம் சொல்லி ஒரு சரிவுக் கட்டை போடலாம். 2.5 செ.மீ. உயரத்துக்குக் குறைந்தது 12 முதல் 15 செ.மீ. நீளச் சரிவு வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் எந்திரத்தின் வயிறு தட்டும். கட்டையின் மேல்பரப்பு வழுக்காமல் இருக்கட்டும், பாலிஷ் வேண்டாம்.

கறுப்புக் கிரானைட் போட்ட வீட்டுக்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். படியிலிருந்து உருண்டு விழாமல் இருக்க, எந்திரத்தின் அடியில் விளிம்பை ஒட்டி அகச்சிவப்பு உணரிகள் உண்டு. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் தரை இருக்கிறது என்று அவை அறிகின்றன. நல்ல கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். எந்திரத்துக்கு அது பள்ளம். கறுப்புப் பார்டரைத் தொட்டதும் பின்வாங்கும், முழுக்கக் கறுப்பு என்றால் நகரவே நகராது. உணரி மேல் வெள்ளைத் தாள் ஒட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. ஒட்டினால் ஓடத்தான் செய்யும், மாடிப்படி இருந்தால் படியிலும் ஓடும். ஒரே தளத்து வீடு, இறக்கமே கிடையாது என்றால் மட்டும் அதை யோசிக்கலாம். இல்லையென்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, முதல் நாளே அந்தக் கறுப்புத் தரையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

லேசரை ஏமாற்றும் இன்னொன்று கண்ணாடி. தரையைத் தொடும் அலமாரிக் கண்ணாடி இருந்தால் வரைபடத்தில் சுவருக்கு அப்பால் ஓர் அறை முளைத்திருக்கும். கண்ணாடி முன்னால் ஒரு தடைக்கோடு போட்டால் தீர்ந்தது.

இணைப்பு விஷயத்தில் பெரும்பாலோர் சிக்குவது ஒரே இடத்தில். இந்த எந்திரங்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் ஒளிபரப்புவதால் இணைப்பு பாதியில் அறுந்துபோகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) 2.4-க்குத் தனிப்பெயர் கொடுங்கள், ஃபோனை அதில் சேருங்கள், ஃபோனின் லொகேஷனை ஆன் செய்யுங்கள், பிறகு எந்திரத்தைச் சேருங்கள். சார்ஜ் மேடையைச் சுவரோடு ஒட்டி, இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக விட்டு வைக்க வேண்டும். வரைபடம் போட்ட பின் மேடையை இடம் மாற்றாதீர்கள்.

இனி முடி. நாய் முடிதான் பெரிய பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். லாப்ரடாரின் முடியோ சிப்பிப்பாறையின் முடியோ குட்டையானது, நேராகத் தூசித் தொட்டிக்குள் போய்விடும். பிரஷ்ஷைக் கொல்வது மனிதர்களின் நீளமுடி. நாய் முடி அதன் மேல் பஞ்சு மாதிரி ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். நடு உருளை மயிர்த்தூரிகையாக இல்லாமல் முழு ரப்பராக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சுற்றுவது பாதியாகக் குறையும், டைல்ஸில் சுத்தமும் குறையாது.

வாரம் ஒருமுறை எந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு உருளையை வெளியே எடுங்கள். நடுவில் தெரியும் முடியை வெட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள், அது போதாது. உருளையின் இரு முனையிலும் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கும், இழுத்தால் வரும் (சில மாடல்களில் ஒரு முனையில் மட்டும்). அதற்குள் அச்சைச் சுற்றி, மோதிரம் போல இறுகிய முடி இருக்கும். அது உராய்ந்து சூடாகி பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். உருளை ஒரு பக்கம் ஆடுகிறது, 'கிரீச்' என்று சத்தம் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். தையல் பிரிக்கிற கொக்கி ஊசியால் கீறி எடுத்தால் ஒரு நிமிட வேலை.

யாரும் பார்க்காத இடம் முன்சக்கரம். அந்தச் சின்ன உருண்டைச் சக்கரத்தைத் திருகாணியே இல்லாமல், நெம்பி நேராக மேலே இழுத்துக் கழற்றலாம். அச்சில் முடி சுற்றிவிட்டால் சக்கரம் உருளாமல் இழுபடும். டைல்ஸில் கோடு விழும், எந்திரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், மேடைக்குத் திரும்பும்போது தடுமாறும். உரிமையாளர் மென்பொருள் கோளாறு என்று நினைத்து வரைபடத்தை அழித்துக்கொண்டிருப்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றினால் இந்தத் தலைவலி இல்லை.

ஹாலின் நடுவில் முடிப்பந்து கிடக்கிறதா? தொட்டி நிறைந்துவிட்டது, அல்லது ஃபில்டர் அடைத்துவிட்டது. துடைப்பான் சேர்ந்த மாடல்களில் தூசித் தொட்டி 300 மில்லி அளவுதான் இருக்கும். லாப்ரடார் முடி உதிர்க்கும் மாதங்களில் ஆயிரம் சதுர அடியை முடிப்பதற்குள் அது நிரம்பிவிடும். ஒரே ஓட்டமாக விடாமல் காலையில் ஹாலும் சமையலறையும், மாலையில் படுக்கையறைகளும் என்று பிரித்துவிடுங்கள். ஃபில்டரைத் தினமும் தட்டுங்கள். 'கழுவலாம்' என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவி, நிழலில் முழுசாக 24 மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் மறுநாளே நாய் நனைந்த வாடை வீடு முழுக்க வீசும், மோட்டாருக்கும் கேடு.

தானே குப்பையைக் காலி செய்யும் கோபுர மேடைக்குக் கூடுதலாகப் பத்தாயிரமோ அதற்கு மேலோ கேட்பார்கள். நாய் இருக்கும் வீட்டில் அது ஆடம்பரம் இல்லை. ஆனால் இரண்டு விஷயம். காலி செய்யும் சில விநாடிகளுக்கு அதன் மோட்டார் சின்ன மிக்ஸி அளவுக்கு, சில மாடல்களில் அதற்கு மேலும், மின்சாரம் இழுக்கும். அந்த பிளக்கைச் சின்ன இன்வெர்ட்டர் லைனில் கொடுக்காதீர்கள். இரண்டாவது, சத்தம். எந்திரம் ஓடும்போது அசையாத நாய்கூட இந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடும், இரவு நேரத்தில் அதை அணைத்து வையுங்கள். உண்ணித் தொல்லை உள்ள நாய் என்றால், உறிஞ்சப்பட்ட உண்ணி உள்ளே செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். மேடையில் உள்ள குப்பைப் பையைக் கட்டி வெளியே போட்டுவிட வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் துணியை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும் வகை, மாப் போடுவது இல்லை, ஈரத்துணியால் தடவுவது. தூசிப்படலம் போகும். காய்ந்த சாம்பார்த் துளி அப்படியே இருக்கும். அழுத்திச் சுழலும் இரண்டு வட்டத் துடைப்பான்கள் உள்ள மாடல்தான் நாயின் காலடித் தடத்தை எடுக்கும். எதுவானாலும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் சில மாதங்களில் தண்ணீர் வரும் சின்னத் துளைகள் வெள்ளையாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ வடிகட்டித் தண்ணீர் போதும், ஒரு தடவைக்கு 200 மில்லிதானே செலவாகிறது.

பினாயில், டெட்டால், லைசால் எதையும் அந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நுரை பம்பைக் கெடுக்கும், ரப்பர் உப்பும். அது எந்திரத்துக்கு. பூனைக்கு அதைவிட மோசம். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பைன் எண்ணெய் கலந்த வெள்ளை பினாயிலும் பூனைக்கு ஆகாது. வெறும் தண்ணீர், அல்லது தயாரிப்பாளர் சொல்லும் திரவம், அதுவும் சொன்ன அளவில்.

பூனை மணல் உபயோகிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் மணல், ஈரத்துணி பட்டாலும் கட்டியாகத்தான் செய்யும். பெட்டியைச் சுற்றி இறைந்த மணலின் மேல் துடைப்பான் போனால் களிமண் பூசின மாதிரி கோடு கோடாக இழுத்துவிட்டு, சக்கரப் பள்ளத்திலும் அப்பிக் காய்ந்துவிடும். மணல் பெட்டியைச் சுற்றி ஒரு மீட்டரை 'துடைக்காதே' என்று குறியுங்கள், உறிஞ்சல் மட்டும் போகட்டும். நாயின் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் தடைப்பகுதி வேண்டும். கிண்ணத்தை இடித்துக் கொட்டி, அந்தத் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டால் மோட்டார் காலி. குத்துவிளக்கு, பூஜையறையின் மாக்கோலம், ஜமுக்காளத்தின் குஞ்சம், சார்ஜர் ஒயர் இவையும் அந்தப் பட்டியலில்தான். கோலத்தை அது முழுசாக அழிப்பதுகூட இல்லை, பாதியை அள்ளிவிட்டு மீதியை வீடு முழுக்க இழுத்துப் போகும்.

குட்டிநாய் இன்னும் வெளியே போகப் பழகவில்லை என்றால், ஆள் இல்லாத நேரத்தில் தானாக ஓடும்படி நேரம் வைக்கவே கூடாது. தரையில் கிடக்கும் மலத்தின் மேல் ஒரு சுற்று போனால் அதை எல்லா அறைக்கும் பூசிவிட்டுத்தான் நிற்கும். 2021-ல் வந்த ரூம்பா ஜே7 போன்றவை முன்பக்கக் கேமராவால் அதை அடையாளம் கண்டு ஒதுங்கும். ரூம்பாவைத் தயாரிக்கும் ஐரோபாட் நிறுவனம், அது தவறினால் எந்திரத்தை மாற்றித் தருவதாகவே அறிவித்தது. லேசர் மட்டும் உள்ளதற்கு அந்த அறிவு கிடையாது. அப்படி நடந்துவிட்டால் எந்திரத்தைக் குழாயடியில் காட்டாதீர்கள். அணைத்துவிட்டு, உருளை, பக்கவாட்டு பிரஷ், முன்சக்கரம், தொட்டியைக் கழற்றி, அவற்றில் கழுவக்கூடியதை மட்டும் கழுவி, உடலை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெரிய சக்கரங்களின் பல்லிடுக்குக்குப் பழைய டூத் பிரஷ்தான் சரி.

செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைபடம், தடைப்பகுதி எல்லாம் நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்கின்றன. லேசர் வகையை வீடுகளுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்றான நீட்டோ 2023-ல் மூடப்பட்டது. வன்பொருள் நன்றாக இருந்தாலும் சர்வர் போனால் பொத்தானை அழுத்தி ஓட்டுவதோடு சரி. கொஞ்சம் கை வைக்கத் தெரிந்தவர்கள், வாலெட்டூடோ என்ற திறமூல மென்பொருள் ஆதரிக்கும் மாடலா என்று பார்த்து வாங்கலாம். அது வெளிச் சர்வர் இல்லாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே எந்திரத்தை இயக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விளக்குமாறு வேலை மிச்சம் உண்டு. வட்ட உடம்பு மூலைக்குள் போகாது, ஒவ்வொரு மூலையிலும் மூன்று நான்கு செ.மீ. முக்கோணம் தங்கும். மாடிப்படி, வாஷிங் மெஷின் பின்புறம், ஜன்னல் சட்டம் இவை எல்லாம் கையால்தான். நிலைப்படி தடுக்காத ஃபிளாட், முடி கொட்டும் நாய், தினமும் பெருக்க ஆள் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம். அறைக்கு அறை படியேறி இறங்கும் பழைய வீட்டுக்கு, அதே காசில் பாதியைக் கொடுத்து ஒயர் இல்லாத குச்சி வேக்கம் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஊருக்குப் போகும்போது மேடையின் பிளக்கைப் பிடுங்கினால் எந்திரத்தையும் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள். மேடையில் மின்சாரம் இல்லாமல் அது விழித்துக்கொண்டே இருந்தால், மூன்று வாரத்தில் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து அணையுங்கள். துடைப்பான் துணியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போங்கள்.