ஐஜிஎம்மா, ஐஜிஜியா: காம்ப்ளிமென்ட்டைக் கிளப்புவதில் யார் கெட்டி?

ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் எதிர்ப்பொருள் வகைகள். காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் ஒன்றையொன்று தூண்டி அணுக்களை உடைக்கும் புரதக் கூட்டம்; சி1, சி2 என்று எண்ணிட்டவை. எதிர்ப்பொருள் அதைக் கிளப்பும் வழிதான் கிளாசிக்கல் பாதை. அதன் சாவி சி1க்யூ. ஆறு தலை கொண்ட பூங்கொத்து மாதிரியான புரதம். ஒரே தலை எதிர்ப்பொருளைத் தொட்டால் பிடி நிற்காது, நழுவிவிடும். பல தலைகள் ஒரே சமயத்தில் பற்றினால்தான் கூடவே இருக்கும் சி1ஆர் விழித்து சி1எஸ்ஸை வெட்டும். சி1எஸ், சி4ஐயும் சி2வையும் வெட்டும். பிறகு சி3, சி5 என்று சங்கிலி ஓடும். அந்தப் பல தலைகளுக்கும் பிடி கொடுப்பது யார் என்பதில்தான் போட்டி.

ஐஜிஎம் ஐந்து அலகு சேர்ந்த பெரிய மூலக்கூறு, எடை 900 கிலோடால்டனுக்கு மேல். ரத்தத்தில் சும்மா மிதக்கும்போது சி1க்யூ ஒட்டும் இடங்களை மறைத்தே வைத்திருக்கும். ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் ஒட்டும் இலக்கு) மேல் உட்கார்ந்ததும் கைகள் மடங்கும், இடங்கள் வெளியே தெரியும். தேவையான பிடி எல்லாம் ஒரே மூலக்கூறில் இருப்பதால், சரியாக அமர்ந்த ஒன்றே காம்ப்ளிமென்ட்டைத் தொடங்கிவைக்கப் போதும்.

ஐஜிஜி 150 கிலோடால்டன்தான். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம். அளவில் ஐஜிஎம்மைவிடப் பல மடங்கு. ஆனால் தனியாக ஒன்றும் ஆகாது. பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து, வால்பகுதிகள் ஒட்டி, ஆறு பேர் வளையமாகச் சேரும்போதுதான் சி1க்யூவுக்கு நல்ல பிடி கிடைக்கும். அதிலும் ஐஜிஜி3, ஐஜிஜி1 வல்லவை, ஐஜிஜி2 சுமார், ஐஜிஜி4 கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஆகவே எந்த வகை என்பதோடு, ஆன்டிஜென் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏ குரூப் சிவப்பணுவில் ஏ ஆன்டிஜென் லட்சக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும். எதிரான ஐஜிஎம்மும் உண்டு. அதனால் தவறான குரூப் ரத்தம் ஏற்றினால் அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்து சிறுநீர் சிவக்கும். ஆர்எச் வகையைச் சேர்ந்த டி ஆன்டிஜெனோ அணுவுக்குச் சுமார் 10,000 முதல் 30,000 வரைதான், அதுவும் தள்ளித் தள்ளி. எனவே ஆன்டி-டி ஐஜிஜி பொதுவாகக் காம்ப்ளிமென்ட்டைத் தொடுவதில்லை. அணுக்களை மண்ணீரல்தான் பிடித்து விழுங்குகிறது.

விதிவிலக்கும் உண்டு: டோனத்-லாண்ட்ஸ்டெய்னர் எதிர்ப்பொருள். ஐஜிஜிதான், ஆனாலும் குளிரில் ஒட்டி, சூட்டில் காம்ப்ளிமென்ட் மூலம் அணுவை உடைத்துவிடும். பொல்லாதது.

குளிரில் ஒட்டும் ஐஜிஎம்மோ உடல் சூட்டில் கழன்றுவிடும், சி3டி என்ற சி3 துண்டு மட்டும் அணுவில் தங்கும். அதனால் நேரடிக் கூம்ப்ஸ் சோதனையில் (சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளையும் காம்ப்ளிமென்ட்டையும் காட்டுவது) சி3டி பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ் என்று வரும். இங்கே ரத்தம் எடுக்கும் சோதனைக் குழாய் முக்கியம். உறைந்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் சாதாரணக் குளிர் எதிர்ப்பொருளே குழாய்க்குள் சி3ஐ ஏற்றிப் பொய் பாசிட்டிவ் காட்டும். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் அது நடக்காது: சி1 ஒன்றாக நிற்கக் கால்சியம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடுங்கிவிடும். அதே காரணத்தால், எதிர்ப்பொருள் காம்ப்ளிமென்ட்டைக் கிளப்புகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஈடிடிஏ பிளாஸ்மா உதவாது. புதிய சீரம்தான் வேண்டும், அதையும் 56 டிகிரியில் அரை மணி வைத்தால் காம்ப்ளிமென்ட் செத்துப்போகும்.