நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வயதானவர்களிடம் கப்பல் பயணத்துக்கென்று முன்பணம் வசூலித்த ஓர் ஆள் காணாமல் போய்விட்டார். கிள்ளான் துறைமுகத்தில் புறப்பட்டு, பினாங்கில் ஆள் ஏற்றிக்கொண்டு, நேராக நாகப்பட்டினம் போகும் சொகுசுக் கப்பல் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். அப்படி ஒரு கப்பல் ஓடவில்லை. என் அம்மா 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கிறார். எங்கள் தாமானில் கணவன் மனைவி இருவருக்குமாகச் சேர்த்துக் கட்டியவர்களும் உண்டு. ஊழியர் சேமநிதியில் மிச்சம் வைத்திருந்த பணம் அது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு போடும் நேரம் பார்த்துத்தான் அவர் வருவார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, கையில் பளபளப்பான துண்டறிக்கைகள். கோலாலம்பூரில் அலுவலகம் இருப்பதாகச் சொன்னார். வேளாங்கண்ணி, நாகூர், சிதம்பரம் மூன்றையும் சுற்றிக் காட்டி அதே கப்பலில் திரும்ப அழைத்து வருவதாகவும் சொன்னார். இளையவர்களிடம் அவர் பேச்சுக் கொடுத்ததே இல்லை.

எங்கள் பெரியவர்கள் இதை நம்பியதற்குக் காரணம் உண்டு, ஏமாளிகள் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். அந்தக் கடல்வழி ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல்தளத்தில் பாயை விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்துக்கொண்டு படுத்து வந்தார்கள். இங்கே ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தத் தளத்தில்தான் தொடங்குகிறது. ரஜுலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' வந்தது. 1966-இல் பிரான்சில் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டப்பட்ட அந்தக் கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றி இந்த வழியில் ஓட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து அதில் பலர் உயிரிழந்தார்கள். சிதம்பரம் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை, அந்தக் கடல்வழியும் அதோடு நின்றுபோனது.

இதையெல்லாம் அந்த ஆள் நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். ரஜுலாவின் பெயரைச் சொன்னதும் பாட்டிமார்கள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல்தான் விலையைச் சொல்லத் தொடங்குவார். என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். பணத்தைத் திருடுவதற்கு முன்னால் எங்கள் தாத்தா பாட்டிகளின் பயணத்தையே தூண்டிலில் மாட்டியிருக்கிறார்.

பாதி உண்மை ஒன்றையும் கலந்து வைத்திருந்தார். "நாகையிலிருந்து கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது, செய்தியில் பார்க்கவில்லையா?" என்று கைப்பேசியில் காணொளியைக் காட்டுவாராம். காணொளி பொய்யில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகுச் சேவை தொடங்கியது, இடையில் நின்று 2024-இல் மீண்டும் வந்தது. சில மணி நேரத்தில் பாக்கு நீரிணையைக் கடக்கும் சிறிய கப்பல் அது. வங்கக் கடலைத் தாண்டிப் பினாங்குக்கு வருவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அம்மா சிறுமியாக இருந்தபோது தாத்தாவோடு ரஜுலாவில் நாகைக்குப் போய் வந்தவர். பணம் கட்டிய பிறகு ஒரு நாள் அந்த ஆளிடம், "தம்பி, இப்போதும் கப்பல் கடலிலேயே நிற்குமா, தோணியில்தான் இறக்குவார்களா?" என்று கேட்டிருக்கிறார். நாகையில் அந்தக் கப்பல்கள் கரையோரம் வருவதில்லை. கடலில் நங்கூரமிட்டு நிற்கும், ஆளையும் பெட்டியையும் தோணியில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலை தூக்கும்போது குழந்தைகளைக் கைமாற்றி இறக்கியதை அம்மா இன்றைக்கும் சொல்வார். அந்த ஆளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தோணியா? அதெல்லாம் ஏன் அம்மா, எப்போதும் போலக் கரையில் போய்க் கட்டுவார்கள்" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் சொன்னது ஒரே வரி: "அவனுக்கு நாகப்பட்டினம் தெரியாது."

அன்று மாலையே துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். படத்தில் வெள்ளைக் கப்பல் ஒன்று இருந்தது. முகப்பில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீலத்தைப் பூசி, அதன் மேல் வேறு பெயரை ஒட்டியிருந்தார்கள். நீலம் ஓரங்களில் பிசிறடித்திருந்தது. சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது சன் விஸ்டா. இது கடலுக்கு அடியில் கிடக்கிறதே" என்றார். பிறகு பழைய படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே கப்பல்தான்.

அந்தக் கப்பலின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1963-இல் இத்தாலியில் 'கலிலியோ கலிலெய்' என்ற பெயரில் கட்டப்பட்டது. இத்தாலியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களைச் சுமந்தது. அவர்களுக்கு அது ஒரு ரஜுலா. பிறகு கிரேக்க முதலாளிகளின் கைக்கு மாறி, 'மெரிடியன்' என்ற பெயரில் உல்லாசப் பயணம் ஓடி, 1997-இல் சிங்கப்பூரின் சன் குரூசஸ் என்ற சிறிய நிறுவனத்துக்கு வந்து 'சன் விஸ்டா' ஆனது. 1999 மே 20-ஆம் தேதி பூக்கெட்டிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் வழியில், மலாக்கா நீரிணையில் இயந்திர அறையில் தீப்பிடித்தது. கப்பலில் இருந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கித் தப்பினார்கள். நள்ளிரவு தாண்டிக் கப்பல் மூழ்கியது. காப்பாற்றப்பட்டவர்களைப் பினாங்கில் கரை சேர்த்தபோது சித்தப்பா அங்கே வேலையில் இருந்தார். நனைந்த உடையோடு இறங்கிய முதியவர்களுக்குப் போர்வை கொடுத்தவர், அதனால் அந்தக் கப்பலின் உருவம் அவருக்கு மறக்கவில்லை. அந்த நிறுவனமும் இன்று இல்லை. இரண்டும் போய்விட்டதால் படத்தை எடுத்துப் போட்டால் கேட்க ஆளில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கைப்பேசி எண்ணை அழைத்தால் இணைப்பில் இல்லை. துண்டறிக்கையில் இருந்த முகவரிக்கு உறவினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார். அங்கே துணி வெளுக்கும் கடை இருக்கிறது. ரசீதோ எழுதுபொருள் கடையில் வாங்கும் சாதாரணப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதியது, நிறுவனப் பதிவு எண் எங்கேயும் இல்லை. பணம் போன வங்கிக் கணக்கும் ஒரு தனிநபரின் பெயரில்.

இனி யாராவது கப்பல் என்று வந்தால், முதலில் கப்பலின் ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கேளுங்கள். பன்னாட்டுப் பயணம் போகும் பயணிகள் கப்பலுக்கு ஏழு இலக்கத்தில் அப்படி ஓர் எண் உண்டு. பெயர் மாறினாலும், முதலாளி மாறினாலும், கொடி மாறினாலும் எண் மாறாது. அதை இணையத்தில் தேடினால் கப்பலின் வரலாறு முழுவதும் வந்துவிடும். எண் சொல்லத் தயங்குகிறவரிடம் பேச்சை அதோடு நிறுத்துங்கள். அடுத்து, சுற்றுப்பயணம் விற்பவர் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் பதிவு செய்த தாளைக் காட்டினால் போதாது, அது வேறு, உரிமம் வேறு. பணம் அனுப்புவதற்கு முன் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்கா என்று சரிபார்க்கும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். அனுப்பிவிட்டுச் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மோசடிப் புகார்களுக்கான 997-ஐ அழையுங்கள்.

நாங்கள் போலீஸ் புகார் கொடுத்துவிட்டோம். ஆனால் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியில் சொல்லாமல் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அதட்டாமல் கேட்டுப் பாருங்கள். ரசீது, துண்டறிக்கை, வங்கிச் சீட்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள், புகாரோடு அவற்றையும் கொண்டுபோங்கள். ஆள் யார், எங்கே என்று தெரிந்தவுடன் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கோர முடியும், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.

அதே துண்டறிக்கை பாகான் செராயிலும் தெலுக் இந்தானிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுவதாக நேற்று தகவல் வந்தது. முகப்பில் நீலம் பூசிய வெள்ளைக் கப்பல் படத்தைப் பார்த்தால் உடனே அந்த ஊர்க் கோயில் நிர்வாகத்திடம் சொல்லி, மண்டபத்துக்குள் அவர்களை விடாதீர்கள்.