செம்பனை மேய்ச்சலா, கொட்டகையா? சாணம் போகும் இடத்தைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் நாலைந்து கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு வழி இரண்டு. பகலில் செம்பனைக்குள் மேய விட்டு இரவில் கட்டலாம். இல்லையென்றால் கொட்டகையிலேயே கட்டி நேப்பியர் புல்லும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் போடலாம்.

சுற்றுச்சூழல் என்றதும் மாட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேனைத்தான் பேசுகிறோம். அந்தக் கணக்கில், கறவை கூடும் கொட்டகை முந்தும். 5 லிட்டர் கறந்தாலும் 12 லிட்டர் கறந்தாலும், மாடு உடம்பைத் தாங்க ஓரளவு தின்றே ஆகவேண்டும். கறவை கூடினால் லிட்டருக்கு விழும் மீத்தேன் குறையும்.

சாணத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். செம்பனை நிரையில் விழும் சாணம் மேலே பொருக்கு தட்டிக் காய்கிறது, அடியில் வண்டு துளைக்கிறது. காற்றுப் படுவதால், அதிலிருந்து வரக்கூடிய மீத்தேனில் 2 விழுக்காடு அளவே வெளியேறும் என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டிக் கணக்கு. அதே சாணத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிக் குழியில் தேக்கினால், நம் ஊர் வெப்பத்தில் அது 70 விழுக்காட்டைத் தாண்டும். அடைமழையில் குழி வழிந்து கால்வாயில் கலப்பது தனிக் கேடு.

மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடு உண்டு. மரம் 5 வயதைத் தாண்டாமல் மாட்டை விட்டால் இளமட்டையைக் கடித்துவிடும். முதிர்ந்த மரங்களின் நிழலில் புல் குறைவு, ஆகவே ஒரு மாட்டுக்கு 3, 4 ஹெக்டர் வேண்டும். மேய்ந்த இடத்துக்கு 6 முதல் 8 வாரம் ஓய்வு கொடுங்கள். ஈர மண்ணில் ஒரே பாதையில் ஓட்டினால் மண் இறுகி மழைநீர் இறங்காது. ரும்புட் இஸ்ரேல் என்று நாம் திட்டும் களையை மாடு விரும்பித் தின்னும்; மருந்தடிக்கும் செலவு அதிலேயே குறைகிறது. பாராகுவாட் என்ற களைமருந்துக்கு இங்கே 2020 ஜனவரி 1 முதல் தடை. மற்ற மருந்து அடித்த இடத்தில், போத்தலில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை மாடு நுழையக்கூடாது.

கொட்டகையில் 350 கிலோ மாட்டுக்கு நாளுக்குச் சுமார் 35 கிலோ பச்சைப்புல். நேப்பியரை 45 முதல் 60 நாளுக்குள் அறுத்துவிடுங்கள், முற்றினால் தண்டுதான் மிஞ்சும். புண்ணாக்கில் சுண்ணாம்புச் சத்தைவிட மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்பதால் சுண்ணாம்புத் தூள் கலக்க வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பலகைமேல் அடுக்குங்கள். புண்ணாக்கில் செம்மறிக்கு ஆகாத செம்பு அதிகம். பக்கத்தில் கட்டியிருக்கும் செம்மறிக்குப் போட்டுவிடாதீர்கள்.

கொட்டகையில் சாணத்தைச் சரியாக்க இரண்டு வழி. ஒன்று, கழுவுமுன் மண்வெட்டியால் வழித்து, நறுக்கிய மட்டையோடு கலந்து, கூரைக்குக் கீழே குவித்து உரமாக்குவது. மற்றது சாண எரிவாயுத் தொட்டி. இரண்டு மாட்டின் ஒருநாள் சாணம் 40 கிலோவுக்கு 40 லிட்டர் தண்ணீர், தொட்டியில் 40 நாள் தங்கல்: கரைசலுக்கே 3.2 கன மீட்டர் இடம் வேண்டும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் சாணம் புளிக்குமுன்பே வெளியேறிவிடும். கிருமிநாசினி கலந்த கழுவுநீர் போனால் நுண்ணுயிர் செத்து வாயு நின்றுவிடும். வாயு கசியும் தொட்டி, தொட்டி இல்லாததைவிட மோசம்; வாரம் ஒருமுறை இணைப்புகளில் சோப்புநுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

தோட்டத்தில் அனுமதி இருந்தால் என் வாக்கு மேய்ச்சலுக்கே. அனுமதி இல்லாதவர் கொட்டகைக்குப் போகலாம், ஆனால் மாடு வாங்குமுன் சாணத்துக்கு இடம் கட்டிவிடுங்கள்.